தி, வி: உக்ரைனில் ஒரு சாப்பாட்டு நோட்டு

பரணை ஒழித்தபோது பழைய நோட்டு ஒன்று கிடைத்தது. அட்டை பாதி கிழிந்திருக்கிறது, ஓரத்தில் பீட்ரூட் கறை. 2015 அக்டோபரில் தெர்னோபில் நகரத்தில் எழுத ஆரம்பித்த நோட்டு. தெர்னோபில் மேற்கு உக்ரைனில் ஏரிக்கரையில் இருக்கும் ஊர். செர்னோபில் வேறு, இது வேறு. என் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் இன்னும் நான் அணு உலைக்குப் பக்கத்தில் படித்துவிட்டு வந்ததாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறு வருடம் அங்கே மருத்துவம் படித்தேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் எலும்பும் நரம்பும் இல்லை. 'கடையில் சாப்பிட' என்று தலைப்புப் போட்டு, கீழே உக்ரைனியச் சொற்களைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். மோஜ்னா – கிடைக்குமா, செய்யலாமா. மெனி – எனக்கு. புத் லாஸ்கா – தயவுசெய்து. த்யாக்குயு – நன்றி. த்ரோஷ்கி – கொஞ்சம். தோசித் – போதும். ரஹூனொக் – பில்.

அவ்வளவு அவசரமாக இதையெல்லாம் படிக்க வேண்டிய தேவை எனக்கு இருந்திருக்கக் கூடாது. விடுதியில் இந்திய மெஸ் இருந்தது. எங்களைக் கூட்டிப்போன ஏஜென்ட்டே நடத்தியது. சோறு, சாம்பார், ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்பு. வருடப் பணத்தை முதலிலேயே வாங்கிவிட்டார்கள். அப்பா மின்வாரியத்தில் ஒயர்மேன். பி.எஃப்.பில் கடன், அம்மாவின் நகை, வங்கியில் கல்விக்கடன் என்று திரட்டிய காசு அது. கட்டிய சாப்பாட்டை விட்டுவிட்டு வெளியே காசு கொடுத்துச் சாப்பிடுகிற வசதி எனக்குக் கிடையாது.

இரண்டாவது வாரம் கேள்வித்தாள் வந்தது. உங்களுக்கும் அந்தக் கேள்வித்தாள் தெரிந்திருக்கும். எந்த ஊர்? திட்டக்குடி பக்கம். ஊருக்குள்ளயா, தள்ளியா? அப்பா பேர் என்ன? குலதெய்வம் எது? ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய், ஜன்னலுக்கு வெளியே மேப்பிள் மரம் இலை உதிர்க்கிற ஊரில் உட்கார்ந்துகொண்டு, குலதெய்வம் எது என்று கேட்டார்கள். சொன்னேன். அதற்கப்புறம் மேஜையில் ஒரு அமைதி. பிறகு ஒருவர், சிரித்துக்கொண்டேதான், "உங்க கோட்டாவாலதாங்க நாங்க இவ்வளவு செலவு பண்ணி இங்க வந்து கெடக்கோம்" என்றார். அவர் கட்டிய அதே கட்டணத்தைக் கட்டித்தான் நானும் அங்கே உட்கார்ந்திருந்தேன். கோட்டாவில் எனக்கு இடம் கிடைத்திருந்தால் நான் ஏன் அங்கே வருகிறேன்? அந்தக் கணக்கு அவருக்கு உதிக்கவில்லை. எனக்கும் அந்த நேரத்தில் சொல்ல வாய் வரவில்லை.

மறு வாரம் சைவம் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி, தனி மேஜை கேட்டார்கள். கிடைத்தது. சைவ மேஜையில் யார் யார் உட்காரலாம் என்பதை மட்டும் யாரும் எழுதி ஒட்டவில்லை. ஒருநாள் நான் வெறும் ரசம் ஊற்றிக்கொள்ள அந்தக் கரண்டியைத் தொட்டேன். ஒரு பெண் அதை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழாய்த் தண்ணீர் சத்தம் மட்டும் கேட்டது. தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மழை. நடந்தேன். இரண்டு தெரு தள்ளி ஒரு 'யிதால்ன்யா' இருந்தது. நம்ம ஊர் கேன்டீன் மாதிரி. வேலைக்குப் போகிறவர்கள், பென்ஷன் வாங்கும் பாட்டிகள், டிரைவர்கள் சாப்பிடும் இடம். தட்டத்தை எடுத்துக்கொண்டு வரிசையில் நகர வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் சாப்பாடு இருக்கும், கை காட்டினால் போடுவார்கள். மூன்று வகையாகப் பிரிப்பார்கள்: பெர்ஷே, த்ரூஹே, த்ரெத்யே. முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. முதலாவது சூப். இரண்டாவது கறியோ மீனோ, கூட உருளைக்கிழங்கோ கோதுமைக் கஞ்சி போன்ற ஒன்றோ. மூன்றாவது குடிக்க. பெரும்பாலும் உலர்ந்த பழங்களை வேகவைத்து எடுத்த 'உஸ்வார்'.

கண்ணாடிக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தலையில் வெள்ளைத் துணி. என்னைப் பார்த்து "ஷ்சோ பஜாயெத்தே?" என்றார். எனக்குப் புரியவில்லை. சிவப்பாக இருந்த சூப்பைக் காட்டினேன். "போர்ஷ்ச்" என்றார். "போர்ஷ்ச்" என்றேன். தலையை ஆட்டிவிட்டு, "மெனி போர்ஷ்ச், புத் லாஸ்கா" என்று மெதுவாகச் சொல்லிக் காட்டினார். நான் சொன்னேன். ஊற்றினார். மேலே ஒரு கரண்டி ஸ்மெதானா, அதாவது புளித்த பாலாடை. நோட்டில் இருக்கும் பீட்ரூட் கறை அன்றைக்கு விழுந்தது.

அந்த ஒரு வாக்கியத்தைப் பாருங்கள். 'மெனி' என்றால் எனக்கு. எனக்கு போர்ஷ்ச். 'வேண்டும்' என்று வினைச்சொல் கூடத் தேவையில்லை. நம்ம டீக்கடையில் "எனக்கு ஒரு டீ" என்று சொல்கிற அதே அமைப்பு. வேற்றுமை உருபுகளோடு வளர்ந்த நமக்கு இந்த மொழி பயப்படுகிற அளவுக்கு அந்நியம் இல்லை. அவர்களுக்கு ஏழு வேற்றுமை, நமக்கு எட்டு. உருளைக்கிழங்கு 'கர்தோப்ல்யா'. கிழங்கு வைத்த கொழுக்கட்டை வேண்டுமென்றால் 'வரெனிக்கி ஸ் கர்தோப்லெயு', கிழங்கோடு. முட்டைக்கோஸ் வைத்தது 'ஸ் கபுஸ்தோயு'. கரண்டி 'லோஜ்கா', கரண்டியால் என்பதற்கு 'லோஜ்கோயு'. நமக்கு மூன்றாம் வேற்றுமையில் 'ஆல்', 'ஓடு' இரண்டும் வருவதுபோல அவர்களுக்கும் ஒரே வேற்றுமை இரண்டு வேலையும் செய்கிறது. எட்டாம் வகுப்பில் தமிழ் டீச்சர் வேற்றுமையை அடித்து மனப்பாடம் பண்ண வைத்தபோது, அது ஒருநாள் தெர்னோபிலில் கொழுக்கட்டை வாங்க உதவும் என்று அவரும் நினைத்திருக்க மாட்டார்.

உச்சரிப்பில் ஒரு குறிப்பு மட்டும். அவர்களுடைய 'இ' போன்ற ஓர் உயிர் எழுத்து 'இ'யும் இல்லை, 'எ'யும் இல்லை. நாம் 'இடம்' என்று எழுதிவிட்டு 'எடம்' என்று சொல்லும்போது வருகிறதே, அதற்குப் பக்கத்தில் இருக்கிறது. 'க' வர வேண்டிய இடத்தில் நிறைய 'ஹ' வரும். முட்டைக்கோஸ் இலையில் சோறும் கறியும் சுற்றி வைத்தது 'ஹொலுப்ட்சி'. காரம் 'ஹோஸ்த்ரே'. கூர்மைக்கும் அதே சொல்தான். காரமாக ஏதாவது இருக்கிறதா என்று ஆறு வருடம் கேட்டேன். மிளகு தூவிக் கொடுத்தார்கள்.

தவறுகளும் செய்தேன். டீக்குத் தொட்டுக்கொள்ள பிஸ்கட் கேட்க நினைத்து 'பெச்சிவோ' என்பதற்குப் பதிலாக 'பெச்சீன்கா' என்றேன். வறுத்த ஈரல் ஒரு தட்டு வந்தது. மருத்துவ மாணவிக்கு ஈரலுக்கும் பிஸ்கட்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று வரிசையே சிரித்தது. ஈரல் நன்றாகவே இருந்தது, அது வேறு விஷயம். இன்னொரு நாள் மெனுவில் 'யசிக்' என்று பார்த்தேன். ரஷ்ய மொழியில் அதற்கு நாக்கு, மொழி என்று இரண்டு பொருளும் உண்டு. உக்ரைனியத்தில் நாக்கு 'யசிக்', மொழி 'மோவா', தனித்தனி. மெனுவில் இருந்தது வேகவைத்த மாட்டு நாக்கு.

மாட்டிறைச்சி 'யாலொவிச்சினா'. நீளமான சொல், இரண்டாவது நாளே வாயில் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அம்மா அதை 'பெரிய கறி' என்பாள். பக்கத்தில் ஆள் இருந்தால் அதையும் குரலைத் தணித்துச் சொல்வாள். இங்கே கரும்பலகையில் கோழிக்கு மேலே, விலையோடு, பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. வரிசையில் நின்று, முன்னும் பின்னும் ஆள் இருக்க, சத்தமாக அந்தச் சொல்லைச் சொன்னேன். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இறைச்சிக்குப் பொதுச்சொல் 'ம்யாசோ'. சமஸ்கிருத மாம்சமும் இதுவும் ஒரே வேரிலிருந்து வந்தவை. மெஸ்ஸில் இருந்த தனிமேஜைக்காரர்களிடம் இதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

அவர்களில் ஒருத்தி, கரண்டியைக் கழுவினாளே அவள்தான், டிசம்பரில் என்னிடம் வந்தாள். மெஸ் சாப்பாடு அவளுக்கும் வெறுத்துவிட்டது. வெளியே சாப்பிட பயம். எதில் கறி இருக்கிறது என்று தெரியாது, கேட்கவும் தெரியாது. 'பெஸ் ம்யாசா' என்றால் கறி இல்லாமல் என்று எழுதிக் கொடுத்தேன். அது மட்டும் போதாது, போர்ஷ்ச்சில் கறி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் எலும்புச் சாற்றில்தான் வேகவைத்திருப்பார்கள், அதனால் 'பிஸ்னே' இருக்கிறதா என்று கேள் என்றேன். விரத நாட்களில் கிறித்தவர்கள் சாப்பிடும், கறியும் பாலும் சேராத சமையலுக்கு அந்தப் பெயர். அதில் மீன் மட்டும் சில சமயம் வரும், பார்த்துக்கொள் என்றும் சொன்னேன். நன்றி சொன்னாள். கரண்டியைப் பற்றி இரண்டு பேரும் பேசவில்லை. ஏன் உதவினாய் என்று தோழர்கள் கேட்டிருக்கிறார்கள். பசியோடு இருப்பவளுக்குச் சொல்லைக் கொடுக்காமல் வைத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. அவ்வளவுதான்.

இனி, நான் சொல்ல வந்த விஷயம்.

முதல் நாள் அந்த அம்மா கேட்ட "பஜாயெத்தே" என்பதன் கடைசியில் ஒரு 'தே' இருக்கிறதே, அது நம்ம 'ங்க'. 'என்ன வேணுங்க?' என்று கேட்டிருக்கிறார். உக்ரைனியத்தில் நீ என்பதற்கு 'தி', நீங்கள் என்பதற்கு 'வி'. கொடு என்பதற்கு 'தாய்', கொடுங்கள் என்பதற்கு 'தாய்தே'. நம்ம 'தா'வுக்கும் அதற்கும் உறவில்லை, ஒலி ஒற்றுமைதான், ஆனால் மறக்காது. அறிமுகமில்லாத பெரியவர்கள் எல்லோரும் ஒருவருக்கொருவர் 'வி'. வாடிக்கையாளர் பரிமாறுபவரை 'வி' என்பார். பரிமாறுபவர் வாடிக்கையாளரை 'வி' என்பார். தட்டு எடுப்பவருக்கும் 'வி'. மொழி வகுப்பில் ஆசிரியை இதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டார். நான் அங்கேயே நின்றுவிட்டேன்.

எங்கள் அப்பாவுக்குத் தெரிந்த 'கடையில் சாப்பிட' பாடம் வேறு. அவர் பையனாக இருந்தபோது ஊர் டீக்கடையில் எங்கள் ஆட்களுக்கு கிளாஸ் கூரைக் கீற்றில் செருகி இருக்கும். எடுத்து, கழுவி, நீட்ட வேண்டும். "சாமி, ஒரு டீ ஊத்துங்க." உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். குடித்துவிட்டு, கழுவி, மறுபடியும் செருக வேண்டும். காசைத் திண்ணையில் வைக்க வேண்டும். பொது உணவகங்களுக்குள் போக யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசமைப்புச் சட்டத்தின் 15ஆவது பிரிவிலேயே எழுதி வைத்து அதற்குள் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கம்பத்தில் ஏறி அந்த ஊருக்கே வெளிச்சம் கொடுக்கும் வேலைக்கு அவர் வந்த பிறகும், டீக்கடைக்காரரின் மகன், அப்பாவைவிடப் பதினைந்து வயது சின்னவன், பேர் சொல்லி "வாடா" போட்டுத்தான் கூப்பிட்டான். என் காதால் கேட்டிருக்கிறேன். அப்பா அவனை "வாங்க தம்பி" என்பார். விருத்தாசலத்தில் யாருக்கும் எங்களைத் தெரியாத ஓட்டலுக்கு மட்டும் எங்களைக் கூட்டிப்போவார். அங்கேயும் உட்காரும் முன் ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொள்வார்.

அதனால், 'தி', 'வி' எனக்கு இலக்கணமாக மட்டும் தெரியவில்லை.

இன்னொரு சொல்லும் அப்படித்தான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பக்கத்தில் ஆணை 'பானே' என்றும் பெண்ணை 'பானி' என்றும் அழைப்பார்கள். ஐயா, அம்மா மாதிரி. கேன்டீன் அம்மா என்னை 'பானி' என்பார். நானும் அவரை 'பானி' என்பேன். வரலாறு படித்த ஒரு நண்பர்தான் அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று சொன்னார். 'பான்' என்றால் பண்ணையார். தெர்னோபில் இருக்கும் ஹலிச்சினா பகுதி அப்போது ஆஸ்திரியப் பேரரசின் கீழ் இருந்தது; பண்ணையார்கள் பெரும்பாலும் போலந்துக்காரர்கள், நிலத்தில் வேலை செய்தவர்கள் உக்ரைனியர்கள். வாரத்தில் இத்தனை நாள் பானின் நிலத்தில் கூலியில்லாமல் உழைக்க வேண்டும். அதற்கு 'பான்ஷ்சினா' என்று பெயர். 1848இல் அது ஒழிந்தது. ஒழிந்ததன் நினைவாக நட்ட கல் சிலுவைகள் அந்தக் கிராமங்களில் இன்னும் நிற்கின்றன.

நம்ம மொழியில் வைத்துப் பாருங்கள். 'ஆண்டை' என்ற சொல். அதைப் பண்ணையாரிடமிருந்து பிடுங்கி, டீ ஆற்றுபவரையும் ஆண்டை, டீ குடிப்பவரையும் ஆண்டை என்று எல்லோரும் எல்லோரையும் கூப்பிட்டால் எப்படி இருக்கும்? சோவியத் காலத்தில் 'பான்' கெட்ட வார்த்தையாகி, எல்லோரும் தோழர் ஆனார்கள். பிறகு திரும்பி வந்தபோது பண்ணை போய்விட்டிருந்தது, சொல் மட்டும் மிச்சம்.

மொழிக்கே அந்தக் கதைதான். உக்ரைனியம் குடியானவன் பாஷை, ரஷ்ய மொழியின் கொச்சை என்று நூறு வருடத்துக்கு மேல் சொல்லி வந்தார்கள். ரஷ்யப் பேரரசில் 1863இல் ஓர் உத்தரவு, 1876இல் அதைவிடக் கடுமையான இன்னொன்று. அந்த மொழியில் புத்தகம் அச்சிடுவதே தடை செய்யப்பட்டது. சேரித்தமிழ் பேசினால் பள்ளிக்கூடத்தில் கேலி வாங்கிய எவருக்கும் இது புரியும். நான் கடைசி வருடம் படித்தபோது, 2021 ஜனவரி 16 முதல், கடைகளிலும் உணவகங்களிலும் வாடிக்கையாளரிடம் முதலில் உக்ரைனியத்தில்தான் பேச வேண்டும் என்ற சட்டப் பிரிவு அமலுக்கு வந்தது. வாடிக்கையாளர் கேட்டால், இருவருக்கும் ஒத்துவரும் வேறு மொழிக்கு மாறலாம். தெர்னோபிலில் அதனால் ஒன்றும் மாறவில்லை, அங்கே எப்போதும் உக்ரைனியம்தான். ஆனால் அதற்கு முன் கார்கீவ் போனபோது நான் "காவா" என்று கேட்டால் பரிமாறுபவர் ரஷ்ய மொழியில் "கோஃபே?" என்று திருப்பிக் கேட்பார். சட்டம் போட்டு மொழியைத் திணிக்கலாமா என்று அங்கேயும் சண்டை இருந்தது. அந்தச் சண்டையில் எனக்கு முழுத் தெளிவு இல்லை. ரஷ்ய மொழியைத் தாய்மொழியாகப் பேசும் ஏழைகளும் அங்கே உண்டு.

பில் கட்டும்போது ஒரு மகிழ்ச்சி இருந்தது. 100 ஹிரிவ்னியா தாளில் தராஸ் ஷெவ்சென்கோவின் முகம். பண்ணையடிமைக் குடும்பத்தில் பிறந்த கவிஞர், ஓவியர். வரையத் தெரிந்த அந்த அடிமைக்காக ஓவியர் பிரியுல்லோவ் ஒரு படம் வரைந்து, அதைக் குலுக்கலில் விட்டு, 2,500 ரூபிள் திரட்டி, 1838இல் அவரை உரிமையாளரிடமிருந்து விலைக்கு மீட்டார்கள். 20 ஹிரிவ்னியாவில் இவான் ஃபிரான்கோ, கொல்லன் மகன். கேன்டீன் சாப்பாட்டுக்கு ஃபிரான்கோக்களே போதும். நூறு ரூபாய்த் தாள்கள் என்னிடம் அதிகம் இருந்ததில்லை.

இங்கே நிறுத்திவிட்டால் உக்ரைன் சொர்க்கம் என்று ஆகிவிடும். அப்படி எழுத எனக்கு உரிமை இல்லை.

2018 வசந்த காலம். வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, பூப்போட்ட நீளப் பாவாடை. ரோமா பெண். அங்கே 'ட்சிஹானி' என்பார்கள், ஜிப்சி. கையில் சில்லறை வைத்திருந்தாள். சூப்பைக் காட்டினாள். அந்த அம்மா, எனக்கு "பஜாயெத்தே" சொல்லிக்கொடுத்த அதே அம்மா, "ஷ்சோ தோபி?" என்றார். உனக்கு என்ன? 'தி'. காசை முதலில் வை என்றார், அதுவும் ஒருமையில். மேஜையில் உட்காரும் முன்பே 'ஸ் சொபோயு' என்று முடிவு செய்து காகிதக் கோப்பையில் ஊற்றினார். அதற்குப் பொருள் 'எடுத்துப்போக'. எல்லோரிடமும் "தூத் ச்சி ஸ் சொபோயு?", இங்கேயா எடுத்துப்போகவா என்று கேட்பார்கள். அவளிடம் கேட்கவில்லை. பின்னால் நின்றவர் தன் கைப்பையை முன்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டார்.

ரோமா மக்களின் மொழி வட இந்தியாவிலிருந்து கிளம்பியது. அவர்கள் எண்ணும்போது தீன், பாஞ்ச் போன்ற சொற்கள் காதில் விழும். அந்த வருடம் ஏப்ரலில் கீவில் ஒரு ரோமா முகாமை அடித்து விரட்டினார்கள். ஜூனில் லிவீவ் நகருக்கு வெளியே முகாமில் புகுந்து ஒருவரைக் குத்திக் கொன்றார்கள்.

என் நோட்டில் அப்போது முந்நூறு சொல்லாவது இருந்திருக்கும். உப்பு, மிளகு, முள்கரண்டி, இன்னும் கொஞ்சம், சூடாக, சர்க்கரை இல்லாமல். அன்றைக்குச் சொல்ல வேண்டிய ஒரு வாக்கியம் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை. நான் "மெனி போர்ஷ்ச், புத் லாஸ்கா" என்றேன். பீங்கான் கிண்ணத்தில் கிடைத்தது. சாப்பிட்டேன். காபிக் கோப்பைக்கு அந்த ஊரில் 'ஃபிலிஜான்கா' என்று ஒரு சொல் உண்டு. அதுவும் நம்ம பீங்கானும் பாரசீகத்தின் ஒரே சொல்லிலிருந்து கிளைத்தவை என்று பிறகு படித்தேன். காகிதக் கோப்பையும் பீங்கான் கோப்பையும் ஒரே கடையில் எதற்கு இரண்டு என்று எனக்குத் தெரியாதா? அப்பாவிடம் போனில் பேசும்போதும் அன்று நடந்ததைச் சொல்லவில்லை.

இரண்டு வாரம் கழித்து, கூட்டம் இல்லாத மதியத்தில் கேட்டேன். இலக்கணம் தப்பும் தவறுமாக, "சொமு யிய் – தி?" அவளுக்கு மட்டும் ஏன் 'தி'? அந்த அம்மாவுக்கு முதலில் யாரைச் சொல்கிறேன் என்றே புரியவில்லை. புரிந்ததும் தோளைக் குலுக்கினார். "அவங்களும் நம்மள அப்படித்தானே பேசுறாங்க" என்றார். பிறகு, "உனக்குத் தெரியாது, நீ வெளியூர்" என்கிற மாதிரி ஏதோ. அதையும் 'வி' போட்டுத்தான் சொன்னார்.

அவர் கெட்டவர் இல்லை. காய்ச்சலாகக் கிடந்தபோது விடுதிக்கு ஜாடியில் கோழிச்சாறு கொடுத்தனுப்பியவர். ஊரில் டீக்கடைக்காரரும் யாரோ ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் கஞ்சி கொடுத்தனுப்பியிருப்பார்.

2021 மே மாதம், கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கடை மூடும் நேரம். மீந்த வரெனிக்கியைத் தட்டில் போட்டுக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். ஆறு வருடத்தில் அவர் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது அன்றுதான். "ஸ்மாச்னோஹோ" என்றார். நன்றாகச் சாப்பிடுங்கள் என்பதற்கு அவர்கள் சொல்வது. கொஞ்ச நேரம் கழித்து, தயங்கி, "மோஜ்னா ந தி?" என்றார்.

'தி'க்கு மாறலாமா என்று அனுமதி கேட்கிறார். நெருக்கமானவர்கள் ஒருமைக்கு மாறும் முன் அப்படிக் கேட்பது அங்கே வழக்கம். என்னைவிட முப்பது வயது மூத்தவர். எங்களை ஒருமையில் அழைக்க ஊரில் எவரும் எந்தக் காலத்திலும் அனுமதி கேட்டதில்லை. என் தொண்டை அடைத்துக்கொண்டது. என் நோட்டின் முதல் சொல்லையே திருப்பிச் சொன்னேன்: "மோஜ்னா." நான் அவரைக் கடைசிவரை 'வி' என்றேதான் பேசினேன்.

2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியது. மார்ச் 1 அன்று கார்கீவில் சாப்பாடு வாங்க வரிசையில் நின்ற கர்நாடக மாணவர் ஒருவர் குண்டுவீச்சில் இறந்தார். அப்போதும் இங்கே சிலர் இட ஒதுக்கீட்டால்தான் பிள்ளைகள் அங்கே போகிறார்கள் என்று ஆரம்பித்தார்கள். அந்த மெஸ் மேஜை நினைவுக்கு வந்தது.

அந்த அம்மாவுக்குச் செய்தி அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. கிழக்கிலிருந்து ரயிலில் வந்து இறங்குபவர்களுக்காகக் கேன்டீனில் இரவு பகலாகச் சமைக்கிறோம், காசு வாங்குவதில்லை, ரொட்டி பற்றாக்குறை என்று எழுதியிருந்தார். நீ சாப்பிட்டாயா என்று ஒருமையில் கேட்டிருந்தார். சாப்பிட்டேன் என்று எழுதினேன். பிறகு, ரோமா ஆட்களும் வருகிறார்களா என்று கேட்டேன்.

"வருகிறார்கள்" என்று ஒரு சொல் வந்தது. அவர்களை எப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று எழுதி, அழித்துவிட்டேன்.